நிலக்கரி கையிருப்பு தெரிகிறது, சுரங்கத்துத் தண்ணீர்க் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் காலம் வந்தால் போதும், அனல் மின் நிலையங்களில் நிலக்கரி இன்னும் இத்தனை நாளுக்குத்தான் என்று ஒரு செய்தி வந்துவிடும். மத்திய மின்சார ஆணையம் தினமும் கையிருப்புக் கணக்கை வெளியிடுவதால் உங்களுக்கும் அது சுலபம், அத்திப்பட்டுப் பக்கம் இருக்கிற நாங்களும் படித்துவிட்டு மின்வெட்டு வருமா என்று பேசிக்கொள்வோம். ஆனால் நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் இன்று எவ்வளவு தண்ணீர் கசிந்தது என்று எந்தப் பத்திரிகையிலும் நான் பார்த்ததில்லை, உள்ளே வேலை செய்கிறவர்களின் உயிர் அதில்தான் இருக்கிறது என்றாலும்.

எண்ணூருக்குக் கப்பலில் வரும் ஒடிசா நிலக்கரி பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டியது, அப்புறம் உனக்கென்ன கவலை என்று கேட்கலாம். சரிதான். ஆனால் நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்கு 10 கோடி டன் எடுப்பதை 2030க்கான இலக்காக வைத்திருக்கிறது மத்திய அரசு. இனி ஆழத்துக்குப் போகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள்.

கசிவை அளப்பது ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கசிந்த தண்ணீரை வெளியேற்றும் பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் தேய்ந்த பம்ப் அதே நேரத்தில் குறைவாகத்தான் இறைக்கும். அந்தத் தண்ணீர் ஓடும் வாய்க்காலின் குறுக்கே 'வி' வடிவத்தில் வெட்டிய தகடு ஒன்றை வைத்து, அதன் வழியாக விழும் தண்ணீரின் உயரத்தைப் பார்ப்பது பழைய முறை, நம்பகமான முறையும்கூட. செங்கோண வெட்டில் 10 செ.மீ. உயரம் என்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர், அதுவே 20 செ.மீ. ஆனால் இரு மடங்கு இல்லை, ஏறக்குறைய 25 லிட்டர். ஒரு சாண்கூட ஏறவில்லையே என்று அளவுகோலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதோடு மேலே தரையில் ஆழ்துளைக் கண்காணிப்புக் கிணறுகளும் வேண்டும். கீழே கசிவு கூடக் கூட மேலே கிணற்று மட்டம் இறங்கினால், நிலக்கரி எடுத்த இடத்தில் கூரை விரிசல் விட்டு மேலிருக்கும் நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீர் நிற்கும் பாறை அடுக்கு, வடிகிறது என்று சந்தேகப்படலாம். மழையும் இல்லை, கிணறுகளும் அசையவில்லை, ஆனாலும் கசிவு கூடுகிறது, தண்ணீர் வேறு துரு நிறத்தில் புளிப்பேறி வருகிறது என்றால் பக்கத்தில் கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரோ என்று பயப்பட வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஒரு கிலோ அழுத்தம். நடுவில் நிற்கும் நிலக்கரிச் சுவர் எவ்வளவு தாங்கும்?

1975 டிசம்பரில் தன்பாத் அருகே சாஸ்நாலாவில் 370க்கும் மேற்பட்டோர் செத்தது சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்துதான். 2001இல் அதே தன்பாத் பக்கம் பாக்டிகியில் பக்கத்துப் பழைய சுரங்கத்துத் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்ததில் 29 பேர் போனார்கள். 1989இல் மேற்கு வங்கத்து ராணிகஞ்சில் 65 பேரை இரும்புக் கூண்டில் ஒவ்வொருவராக மேலே தூக்கியதைப் பெருமையாகச் சொல்கிறோம், அது பெருமைதான், ஆனால் அங்கேயும் உள்ளே வந்தது தண்ணீர்தான்.

கசிவை அளந்தால் மட்டும் இதெல்லாம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் போக அனுமதி வேண்டும், முன்கூட்டியே துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்ற விதிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பழைய வரைபடம் சரியாக இருக்க வேண்டும். வரைபடம் தப்பாக இருந்தால் கசிவுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கணக்கு அதிகாரிகளிடம் இருக்கிறதே, போதாதா என்பவர்கள் எங்கள் பக்கத்து ஊரான மீஞ்சூருக்கு வந்து பார்க்கலாம். இங்கே கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வருவது 1960களிலேயே ஆய்வாளர்களுக்குத் தெரியும். பெரும்பாலான விவசாயிகளுக்குத் தெரிந்தது கிணற்றுத் தண்ணீர் வாயில் கரித்த பிறகுதான்.

ஒவ்வொரு நிலத்தடிச் சுரங்கத்தின் அன்றாடக் கசிவையும் கண்காணிப்புக் கிணற்று மட்டத்தையும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் இணையத்தில் போடட்டும், உள்ளே இறங்குகிறவரின் வீட்டார் கைபேசியில் பார்க்கிற மாதிரி. நீங்களும் நிலக்கரி கையிருப்புச் செய்திக்குக் கீழே இரண்டு வரி இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அத்திப்பட்டு