குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்க ஆராய்ச்சியாளர் பணியிடங்கள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. தண்டனை அவசியமே என்றாலும், அது கொடுமை நடந்து முடிந்த பிறகு வருவது. நடக்குமுன் எது தடுக்கும் என்று கண்டறிவதையே தொழிலாகக் கொண்ட ஆய்வாளர்கள் நம்மிடம் மிகச் சிலரே.

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆயினும் நம் கருத்தரங்குகளில் இன்றும் அந்த எண்களே ஒலிக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளை மட்டுமே காட்டும். உணவும் மருத்துவமும் கவனிப்பும் இன்றி விடப்படும் குழந்தைகளின் நிலை பெரும்பாலும் வழக்காகவே மாறுவதில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து எல்மைரா பகுதியில், 1970களின் பிற்பகுதியில் ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய ஆய்வில், முதன்முறை கருவுற்ற பெண்களின் வீடுகளுக்குக் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை செவிலியர் சென்று வந்தனர். 15 ஆண்டுகளுக்குப் பின், அக்குடும்பங்களில் கொடுமை, புறக்கணிப்பு குறித்த பதிவுகள் அத்தகைய வருகை பெறாத குடும்பங்களில் இருந்ததில் ஏறத்தாழ பாதியாகவே இருந்தன. வீடு தேடிச் செல்லும் கிராம சுகாதார செவிலியர் நமக்கும் உண்டு. அவர்களுடைய வருகையால் குழந்தைகள் மீதான கொடுமை குறைகிறதா என்று அளக்கத்தான், அத்தனை ஆண்டுகள் அதே பணியில் நீடிக்கும் ஆய்வாளர் இல்லை.

எப்படி இருப்பார்? சமூகப்பணி முதுகலை முடித்தவருக்குக் கிடைப்பது ஓரிரு ஆண்டுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. நிதி நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆர்வத்தோடு வந்த பலர் பின்னர் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவுக்குப் போய்விடுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இத்தகைய ஆய்வில் சட்டப் பொறுப்பும் உண்டு. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரியவந்தால் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆய்வாளருக்கும் விலக்கு இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் இதை முன்கூட்டியே குழந்தைக்கும் பெற்றோருக்கும் எப்படி விளக்குவது, உண்மையைச் சொன்ன குழந்தைக்கு அன்றே யார் துணை நிற்பது என்பவற்றுக்கு முறையான பயிற்சியும் அறநெறிக் குழுவின் வழிகாட்டலும் வேண்டும். ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவர் தனியே சுமக்கக்கூடிய பாரமன்று இது.

எனவே, அரசு மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளிலும் பல்கலைக்கழகங்களின் சமூகப்பணித் துறைகளிலும் இதற்கென நிரந்தர ஆய்வுப் பணியிடங்களை மாநில அரசு உருவாக்க வேண்டும். தமிழ்நாட்டுக் குழந்தைகளைப் பற்றிய முழுமையான கணக்கெடுப்பை அவர்களின் முதல் பணியாக ஒப்படைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகப்பணித் துறை ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி