காய்கறி லோரி அண்ணனுக்கு நன்றி

கேமரன் மலையில் இரவுக் குளிர் 15 டிகிரி வரை இறங்கும். ரிங்லெட்டில் எங்கள் வீட்டில் அதற்கு இருக்கும் ஒரே மருந்து குளியலறை வாட்டர் ஹீட்டர்தான். சனிக்கிழமை மழையில் அதுவும் போச்சு. போட்டால் உடனே டிரிப் ஆகி கரண்ட் நின்றுவிடும். கேஸும் தீர்ந்திருந்தது. அம்மாவுக்கோ வெந்நீர் ஒத்தடம் இல்லாமல் முட்டுவலி தூங்க விடாது.

கீழே கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தீர்கள், அண்ணே. நான் போனில் புலம்பியது காதில் விழுந்திருக்க வேண்டும். "பார்க்கவா?" என்றீர்கள், அவ்வளவுதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மெயினை அடைத்து, டெஸ்ட் பேனாவால் பார்த்த பிறகே மூடியைத் திறந்தீர்கள். உள்ளே கம்பிச்சுருள் இருக்கும் குழாய் வெடித்திருந்தது. "கரண்ட் தண்ணியில கசியுதும்மா. டிரிப் ஆகுறது உங்களைக் காப்பாத்தத்தான். விழுந்த சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீங்க, புதுசு மாத்துங்க."

அப்புறம் லோரியிலிருந்து சின்ன கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து நீங்களே ஒரு பானை தண்ணீர் கொதிக்க வைத்தீர்கள். இதை யார் கேட்டார்கள்? காசை நீட்டினால் கோபம் வேறு!

அம்மா நன்றாகத் தூங்கினார். புது ஹீட்டரும் மாட்டியாச்சு. லோரியின் பின்கதவில் வேல் ஸ்டிக்கர் இருந்தது; தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள். அண்ணே, உங்கள் அடுப்பு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து வாங்க.