தெருவே மருமகளை முறைக்கும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

"மருமக சோறே போடறதில்ல, என் வளையலையும் எடுத்துக்கிட்டா" என்று வயதான ஒருவர் வாசலில் நின்று சொன்னால் தெருவே அந்த மருமகளைத்தான் முறைக்கிறது. சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அல்சைமர் என்ற மறதிநோய் வந்த மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த நோய் மூளையில் முதலில் பாதிக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். புது நினைவுகள் பதிவது அதன் வழியாகத்தான். அதனால் அரைமணி நேரத்துக்கு முன் சாப்பிட்ட இட்லி நினைவில் இருக்காது, ஆனால் கல்யாணப் புடவையின் நிறம் சரியாக வரும், கேட்பவர்களும் "எவ்வளவு தெளிவாப் பேசறாங்க, இவங்களுக்கா நோய்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வளையலைத் துணியில் சுற்றி அரிசிப் பானையில் வைத்தது அவரேதான். வைத்தது மறந்துபோனதால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் பொய் சொல்லவில்லை. 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த முதல் நோயாளியான 51 வயதுப் பெண்ணுக்கும் தொடக்கமே கணவர் மேல் சந்தேகம்தான், அவரும் வீட்டுப் பொருள்களை இழுத்துப்போய் ஒளித்து வைத்தவர்தான்.

"இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று வாதாடினால் சண்டைதான் மிஞ்சும். "சரி அத்தை, தரேன்" என்று கொஞ்சம் கொடுத்து, பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடுவார். வளையலையும் கூடவே சேர்ந்து தேட வேண்டும். சாயங்காலம் ஆனால் பதற்றம் கூடும், அந்த நேரத்தில் தனியாளாகச் சமாளிப்பது மிகக் கஷ்டம். இரண்டு நாள் வந்து தங்கிவிட்டுப் புத்தி சொல்லும் உறவினர்கள் ஒரு சாயங்காலமாவது கூட உட்காரட்டும்.

அப்புறம், "வயசானா மறதி வரும்" என்று விட்டுவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமரை இப்போதைய மருந்துகள் குணப்படுத்தாது என்றாலும், சீக்கிரம் தெரிந்தால் வீடு தயாராகலாம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு அல்சைமர் போன்ற மறதிநோய் இருப்பதாக 2023இல் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது. குழந்தைகளுக்கு ஊருக்கு ஊர் அங்கன்வாடி இருக்கிறது. பகலில் சில மணி நேரம் இவர்களை நம்பி விட்டுவர ஒரு பராமரிப்பு மையத்தைத் தாலுகாவுக்கு ஒன்றாவது அரசு திறக்க வேண்டும். உங்கள் நாளிதழ் இதைத் தொடர்ந்து எழுதினால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி