பல் பயத்துக்கு இனிப்பு உருண்டை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல் டாக்டரிடம் போகப் பயப்படுகிறவர்களுக்கு ஜெல்சிமியம் 200 என்ற ஹோமியோபதி மருந்தைத் தரலாம் என்று ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் படித்தேன். நான் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். நடுக்கத்துக்கு ஜெல்சிமியம், பதற்றத்துக்கு அகோனைட் என்று பையில் சீசாவோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 200 என்றால், மூலப்பொருளின் ஒரு பங்கை 99 பங்கு திரவத்தில் கலந்து, அந்தக் கலவையில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படி 200 தடவை செய்தது. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுமா என்பது சந்தேகம். ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஆய்வுகளை அலசிவிட்டு, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015இல் சொல்லிவிட்டது.

சரி, உருண்டையால் கெடுதல் இல்லையே என்பார்கள். இருக்கட்டும். ஆனால் பயம் போகட்டும் என்று மாதக்கணக்கில் உருண்டையைச் சப்பிக்கொண்டிருந்துவிட்டு, அடைத்தாலே போதும் என்றிருந்த சொத்தைப் பல்லை வேர் சிகிச்சை வரை கொண்டுவந்துவிடுகிறார்களே, அதுதான் எரிச்சல்.

ஊசிதான் பயமா? குத்துவதற்கு முன் ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லிக் கேளுங்கள். இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டரிடம் முன்பே பேசிவையுங்கள். எங்கள் டாக்டர், சுழலும் பிரஷ்ஷைக் குழந்தையின் நகத்தில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் வாயைத் திறக்கச் சொல்வார். பெரியவர்களும் அப்படிக் காட்டச் சொல்லலாம், வெட்கம் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு இதையும் ஒரு மூலையில் போடுங்களேன்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்