தோப்பு வழக்கும் முன்தீர்ப்புத் தடையும்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பெரியவர் நாளிதழை மறுபடியும் வரி விடாமல் படிக்கிறார் என்று உன் தம்பி சொன்னான். இனி நீ அவருடைய கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. நலச் செய்தி இவ்வளவு போதும். கடலோரத் தோப்பின் மீது மீண்டும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அமீனா கொண்டுவந்த சம்மனை அம்மா கையால் தொடவும் மறுத்துவிட்டார்.

அப்பா காலத்து முதல் வழக்கு உனக்கு நினைவிருக்கும். நிலம் தமக்கே உரியது என்ற அறிவிப்பும் (உரிமை விளம்புகை), நாங்கள் அதில் தலையிடக் கூடாது என்ற நிரந்தரத் தடையாணையும் (உறுத்துக்கட்டளை) கேட்டு எதிர்த்தரப்பார் தொடுத்த அது முன்சீப் கோர்ட்டில் தள்ளுபடியாகி, முதல் மேல்முறையீட்டிலும், உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீட்டிலும் அதே முடிவே நிலைத்தது. பிற்பாடு அந்த எதிர்த்தரப்பாரின் மகன் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டுப் போட்ட வழக்கு, வாதி வராததால் தள்ளுபடியானது. இப்போது வந்திருப்பவர் அந்த மகனிடம் கிரயம் வாங்கியவர். தாம் புதியவர், தம் நிலத்தின் சர்வே எண் வேறு, ஆகவே பழைய தீர்ப்பு தம்மைக் கட்டுப்படுத்தாது என்பது அவருடைய பிராதின், அதாவது வழக்கு மனுவின், சாரம்.

இதற்காகவே 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 11ஆம் பிரிவு இருக்கிறது. முன்தீர்ப்புத் தடை என்பது இதுதான். ஒரு வழக்கில் நேரடியாகவும் முக்கியமாகவும் எழுந்த பிரச்சினையைத் தகுதியுள்ள நீதிமன்றம் விசாரித்து இறுதியாகத் தீர்த்துவிட்டால், அதே தரப்பினரோ, அவர்கள் வழியாக உரிமை கோருபவரோ அதை மறுபடியும் கிளப்ப முடியாது. தோற்றவரிடம் பின்னால் வாங்கியவர், அவருடைய தோல்வியையும் சேர்த்தே வாங்குகிறார். முதல் வழக்கில் சொல்லியிருக்க வேண்டிய வாதத்தைச் சொல்லாமல் விட்டிருந்தாலும், சொல்லித் தோற்றதாகவே அந்தப் பிரிவின் நான்காம் விளக்கம் கொள்கிறது. இது ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். 1916இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பில் மிதாட்சரம் என்ற பழைய இந்து சட்ட நூலைச் சுட்டி, ஒருமுறை தோற்றவன் மறுபடி வழக்காடினால் ‘நீ முன்பே தோற்றாய்’ என்று பதில் சொல்லலாம் என்ற பண்டைய சட்ட ஆசிரியர் காத்தியாயனரின் விதியை எடுத்துக்காட்டியதாக எங்கள் வக்கீல் சொன்னபோது, எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனாலும் கவலை தீரவில்லை. இரண்டாவது வழக்கில் வந்த வெற்றி இந்தத் தடைக்கு உதவாது. அது விசாரித்துத் தீர்க்கப்பட்டதல்ல. ஆஜராகாமையால் தள்ளுபடியான வழக்கை அதே வழக்குமூலத்தின், அதாவது வழக்குக்கான அதே காரணத்தின், மேல் புதிதாகப் போடக்கூடாது என்று அச்சட்டத்தின் கட்டளை 9, விதி 9 தடுக்கிறது, அவ்வளவே. உறுத்துக்கட்டளை வழக்கில் நீதிமன்றம் நிலம் யார் கைவசம் இருக்கிறது என்ற அனுபவத்தை மட்டும் பார்த்துவிட்டு, உரிமையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தால், பெரும்பாலும் அந்த வரி உரிமை வழக்கைத் தடுக்காது. ஆகவே நாங்கள் நிற்க வேண்டிய இடம் முதல் வழக்குதான். அதில் உரிமை குறித்து எழுவினா, அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி, வனைந்து, அதற்கு விடையும் சொல்லியிருக்கிறார்கள் என்பது எங்கள் பலம்.

சூழ்ச்சியாக எழுதப்பட்ட பொய்ப் பிராதை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று 1977இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் கண்டிப்பாக எழுதினார். அதைக் காட்டி உடனே தள்ளிவிடலாமே என்று கேட்டேன். ஆனால் முந்தைய வழக்கின் பிராது, எதிருரை (பிரதிவாதியின் பதில் மனு), எழுவினாக்கள், தீர்ப்பு ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் முன்தீர்ப்புத் தடையை முடிவு செய்ய முடியும் என்றும், புதிய பிராதை மட்டும் பார்த்து அந்தக் காரணத்துக்காக அதை நிராகரிக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது. அது நியாயமே என்றாலும், ஒருமுறை தீர்ந்த வழக்கைத் தீர்ந்தது என்று நிரூபிக்கவே இன்னும் சில ஆண்டுகள் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் வயது உனக்குத் தெரியும்.

ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. தோப்புக்கும் அலைக்கும் நடுவே உள்ள மணலில் வலை உலர்த்துகிறவர்களை எந்த வழக்கிலும் யாரும் தரப்பினராகச் சேர்க்கவில்லை. நம் தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தாது, கட்டுப்படுத்தவும் கூடாது. யாரிடம் கேட்கப்படவில்லையோ அவர் வாயைத் தீர்ப்பால் அடைக்கக் கூடாது என்பதும் இதே விதியின் மறுபாதி. என் தம்பி அந்த மணலையும் சேர்த்து வேலி போட்டுவிடலாம் என்றான், நான் மறுத்துவிட்டேன். அதனால் அவன் என்னோடு பேசுவதில்லை.

இனி உன் வேலை, நிலம் அளந்த சங்கிலியாரே. எதிர்த்தரப்பின் முழு வாதமும் சர்வே எண்ணில்தான் தொங்குகிறது. பழைய எண், பதிவேடுகளை மேம்படுத்தியபோது உட்பிரிவுகளாகப் பிரிந்து புதிய எண் பெற்றது. கடல் அரித்ததால் கிழக்கெல்லையும் மாறியிருக்கிறது. முதல் தீர்ப்பில் கண்ட நான்கெல்லைக்கு உட்பட்ட நிலமும் இப்போதைய பிராதுச் சொத்தும் ஒன்றே என்று காட்டினால்தான் தடை நிற்கும். நில அளவைத் துறையில் நீ கழித்த காலத்தில் இப்படி எத்தனை எண்களைப் பொருத்திப் பார்த்திருப்பாய்! பழைய புலப்பட நகல், ‘அ’ பதிவேட்டு நகல், முதல் வழக்கின் தீர்ப்பாணைச் சொத்து விவரம் மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்துக்குப் பக்கம் காட்டும் ஒரு வரைபடம் போட்டு, எந்தக் கல் எங்கே இருந்தது என்று குறித்து அனுப்பு. எதிருரை தாக்கல் செய்ய முப்பது நாள் அவகாசம். அதற்கு முன்பே வக்கீல் கேட்கிறார்.

அன்புடன்,
உன் நண்பன்