நகலெடுத்துப் பார்த்தால் தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஹைபிரிட் ஹார்டு டிஸ்க் பற்றிய கட்டுரையில், 'எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் ஒன்றாகச் சேர்ந்தது' என்று ஒரு வரி வருகிறது. (எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டே இல்லாமல், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்.) அதை நம்பி வாங்குகிறவர் முதல் நாளே நொந்துபோவார். நான் நொந்திருக்கிறேன்.

பழைய லேப்டாப்பில் 1 டிபி ஹைபிரிட் டிஸ்க்கை மாட்டி, விண்டோஸ் போட்டு, ஆசையாக ஒரு பெரிய வீடியோவை நகலெடுத்துப் பார்த்தேன். பழைய டிஸ்க்குக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. காசு தண்டம் என்றுதான் நினைத்தேன். நாலாவது தடவை ஆன் செய்தபோது டெஸ்க்டாப் சட்டென்று வந்து நின்றது.

விஷயம் இதுதான். அதில் இருக்கும் ஃபிளாஷ், அதாவது எஸ்எஸ்டியில் இருப்பது போன்ற வேகமான சேமிப்புச் சில்லு, வெறும் 8 ஜிபி. மற்றதெல்லாம் வழக்கமான ஹார்டு டிஸ்க்கின் சுழலும் தட்டில்தான். அது 1 டிபியோடு கூடுதலாகக் கிடைக்கும் இடமும் அல்ல. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 11 மில்லி செகண்டு ஆகும். வேண்டிய இடம், தட்டைப் படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஹெட் நகரும் நேரம் தனி. விண்டோஸ் தொடங்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு! அடிக்கடி கேட்கப்படுவது எது என்று டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் கவனித்து, அதன் நகலை ஃபிளாஷில் வைத்துக்கொள்கிறது. அசல் தட்டிலேயே இருக்கும். வீடியோ போல வரிசையாகப் படிக்கும் கோப்புகளைத் தட்டே நன்றாகச் சமாளிக்கும் என்பதால் ஃபிளாஷ் அவற்றைச் சீண்டுவதில்லை.

2007-ல் வந்த ஹைபிரிட் டிஸ்க்குகளில் எதை ஃபிளாஷில் வைப்பது என்பதற்கு விண்டோஸ் விஸ்டாவின் ரெடிடிரைவ் என்ற வசதியின் துணை வேண்டியிருந்தது. 2010-ல் சீகேட் நிறுவனத்தின் மொமென்டஸ் எக்ஸ்டி டிஸ்க், 4 ஜிபி ஃபிளாஷோடு, அந்த முடிவைத் தானே எடுக்கத் தொடங்கியது. கட்டுரையாளர் மனதில் இருந்தது 2012-ல் வந்த ஆப்பிளின் ஃபியூஷன் டிரைவாக இருக்கலாம். அதில் 128 ஜிபி எஸ்எஸ்டி தனியாகவே உண்டு; நகல் அல்ல, தரவே அங்கும் இங்கும் இடம் மாறும்.

தினமும் அதே நாலு மென்பொருளைத் திறக்கிறவருக்கு ஹைபிரிட் டிஸ்க் நல்ல துணை. நாளுக்கொரு புது வீடியோவை எடிட் செய்கிறவருக்குப் பெரிய பயன் இல்லை.

ஒரு சந்தேகம்: கட்டுரையில் இருந்த வேக அட்டவணை, டிஸ்க்கை மாட்டியவுடன் எடுத்ததா, நாலைந்து முறை ஓட்டிய பிறகு எடுத்ததா?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்