இழையும் கொட்டானும் அனுப்பியிருக்கிறேன்

அன்புள்ள வள்ளிக்கு,

ஆத்தா எழுதுவது. பார்சலைப் பிரித்ததும் மேலாக இருக்கும் வெள்ளைக் கவரை எடுத்து சாமி அலமாரியில் வைத்துவிடு. பிள்ளையார் நோன்பு இழை அதில் இருக்கிறது, உனக்கு, மாப்பிள்ளைக்கு, பேரனுக்கு என்று மூன்று. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு நூலாகப் புது வேட்டியில் உருவி 21 சேர்ப்பதுதான் முறை, அப்படி முடித்துவிட்டுத் தபாலில் போட்டால் உனக்குப் பொங்கலுக்குத்தான் வந்து சேரும், அதனால் ஒரே நாளில் உட்கார்ந்து எண்ணி எடுத்துவிட்டேன். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். இழை வைக்கிற மாவுக்குக் கருப்பட்டி கிடைக்காவிட்டால் வெல்லம் போட்டுக்கொள். அடியில் பேப்பர் சுற்றி இரண்டு கொட்டான், நான் முடைந்த ஓலைக்கூடைதான், இருக்கும், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது மனதிலேயே நிற்கிறது. நாலரைக்கே இருட்டிவிடுகிறது, மாப்பிள்ளை வீடு திரும்பும்வரை குழந்தையும் நானும் நாலு சுவரும்தான், இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது என்றாய். லைப்ரரிக்குப் போகலாமே என்று கேட்டேன். எடுப்பது மாப்பிள்ளை, திருப்பிப் போடுவது நான், காரை விட்டு இறங்காமலே வெளியில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றாய் பார், அப்போதே முடிவு செய்தேன், நீ அந்த லைப்ரரிக்குள் போய் உதவி செய்யவேண்டும் என்று போனில் சொன்னால் சரிப்படாது, 'சரி ஆத்தா, சரி ஆத்தா' என்று வைத்துவிடுவாய்.

போன ஜனவரியில் வந்து மூன்று மாதம் இருந்தேனே, எனக்குப் பொழுது போனது அந்தக் கட்டடத்தில்தான். செவ்வாய் காலையில் குழந்தைகளுக்குக் கதை, வியாழன் சாயங்காலம் பின்னல் போடுகிறவர்கள் கூட்டம், உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன மரம், கிளை முழுக்கக் கம்பளிக் கையுறையும் குல்லாயும். பின்னியவர்கள் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள், இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது போகும். பெரியவர்களுக்கும் குளிர்கால வாசிப்பு என்று கட்டம் போட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள், ஒரு கட்டத்துக்குச் சமையல் புத்தகம், ஒரு கட்டத்துக்கு நீங்கள் பார்த்திராத நாட்டின் கதை, இப்படி. வரிசையாக ஐந்து முடித்தேன், ஒரு கோப்பை கொடுத்தார்கள். உன் அப்பச்சி இப்போது அதில்தான் காபி குடிக்கிறார், கேட்டால் அமெரிக்காவில் பரிசு வாங்கியது என்று சொல்லிக்கொள்கிறார், வாங்கியது யார் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அங்கே ஒரு நாள், நம் ஊர் நூலகர் சொல்லிக்கொடுத்த எண்ணை வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகத் தேடினேன். புத்தகங்களை எண் போட்டு அடுக்குகிற ட்யூயி கணக்கில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. 891-ல் ரஷ்யக்காரர்கள் தடிதடியாக நின்றுகொண்டிருந்தார்கள், அப்புறம் பார்த்தால் 895 வந்துவிட்டது, ஜப்பான் கவிதைகள். நடுவில் நாம் இல்லை. மேசையில் இருந்த அந்தக் கண்ணாடி போட்ட அம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் மகள் வந்தால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள், எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதும் என்றார். உன்னிடம் சொன்னேன். நீ 'பார்க்கலாம்' என்றாய். இப்போது நவம்பர் முடிந்துவிட்டது.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். வழக்கமாக உதவிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பனிக்குப் பயந்து ஜனவரியில் ப்ளோரிடா பக்கம் கிளம்பிவிடுவார்களாம், அப்போதுதான் ஆள் தட்டுப்பாடு. திரும்பி வந்த புத்தகத்தைத் தள்ளுவண்டியில் வைத்து அடுக்க ஆள் வேண்டும், கதை நேரத்துக்குக் காகிதம் வெட்டிவைக்க ஆள் வேண்டும், வெளியில் வரமுடியாத வயசானவர்களுக்கு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும். இங்கிலீஷ் பழகுகிறவர்களோடு உட்கார்ந்து சும்மா பேசக்கூட ஆள் வேண்டுமாம், உனக்குப் பேச ஆளில்லை, அவர்களுக்கும் அதே குறை! பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள், காசு வாங்காமல். அதற்கு முன்கூட்டியே படித்துப் பரீட்சை எழுதித் தேறவேண்டும். நீ எம்.காம். நாலு தலைமுறை கணக்குப் பெட்டியடியில் உட்கார்ந்த குடும்பத்துப் பெண், கூட்டல் கழித்தலை உனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. சம்பளமில்லாத வேலைதான் என்றாலும் உன் விசாவுக்கு ஏதும் இடைஞ்சல் உண்டா என்று மாப்பிள்ளையை அந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்.

போகும்போது 'எது கொடுத்தாலும் செய்கிறேன்' என்று சொல்லாதே. அப்படிச் சொல்கிறவர்களுக்கு வேலை கொடுப்பது அவர்களுக்கே ஒரு வேலை. இன்ன கிழமை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று சொல். அதிகம் சொல்லாதே. நம் ஊர் நூலகத்துக்கு உதவிக்கு ஒருவர் வந்தார், தினமும் வருவேன் என்றார், நூலகரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான், போட்டோதான் மிச்சம்.

நானே இங்கே நூலகத்தில் உதவிக்குப் போன முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு அலமாரி முழுக்க எல்லாவற்றையும் இறக்கி, தூசி தட்டி, உயரவாரியாக அடுக்கிவிட்டேன், கொலு மாதிரி அழகாக இருந்தது. நூலகர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் போனால் அவர் தரையில் உட்கார்ந்து எண் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து, கேட்காமல் ஒரு புத்தகத்தை நகர்த்துவதில்லை.

இங்கே நூலக வாரம் இப்போதுதான் முடிந்தது, நவம்பர் 14 முதல் 20 வரை. கவிதைப் போட்டி, புது உறுப்பினர் சேர்க்கை, வாசகர் வட்டக் கூட்டம் எல்லாம் நடந்தது, மழையில் பின்பக்கம் ஒழுகியதால் கூட்டத்தை முன் ஹாலில், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவில் வைக்கவேண்டியதாயிற்று. பாவம், அவர்கள் காதைப் பொத்திக்கொண்டு படித்தார்கள். நீ அனுப்பிய பணத்தில் 1000 ரூபாய் கட்டி உன்னை நூலகப் புரவலர் ஆக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பலகையில் உன் பெயரை எழுதப்போகிறார்கள்.

நனைந்த புத்தகங்களைத்தான் இப்போது தைத்துக்கொண்டிருக்கிறோம், நானும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும். மைதாவில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, அதைப் போட்டால் பூச்சி கிட்ட வராது. பிரிந்த பாரங்களை, அதாவது மடித்த தாள்கட்டுகளை, வரிசைப்படுத்தி, முதுகில் மூன்று இடத்தில் ஊசியால் துளைபோட்டு, நடுத்துளையில் ஆரம்பித்து நடுத்துளையிலேயே முடிச்சுப் போடவேண்டும், மேலே காடாத்துணி ஒட்டி, மேலே செங்கல் வைத்து ஒரு ராத்திரி விட்டால் இன்னும் பத்து வருடத்துக்குத் தாங்கும். விரல் நுனியெல்லாம் நீலம் பூத்துக் கிடக்கிறது. அப்பச்சி, மசி தொட்டு எழுதிய காலத்துக்குப் போய்விட்டாயா என்கிறார்.

அரையாண்டு லீவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் என் பொறுப்புதான். போன வருடம் பாடம் மாதிரிக் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு போய் நின்றேன், பத்தாவது நிமிடம் ஒரு பையன் எழுந்து, 'டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?' என்று கேட்டான். குறிப்பைக் கீழே வைத்துவிட்டு, 1942-ல் குண்டுக்குப் பயந்து என் ஐயா ரங்கூனிலிருந்து நடந்தே வந்த கதையை ஆரம்பித்தேன். ஒருவரும் நகரவில்லை, மறுநாள் அவனே முதல் ஆளாக வந்து, ஆற்றை எப்படித் தாண்டினார்கள் என்று கேட்டான். உன் பேரனுக்கு நீ சொல்லவேண்டிய கதை அது. அட, உன் மகன், என் பேரன். வயசாகிறது.

இன்னொரு வேடிக்கை. இங்கே வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது, சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்தது. நம் தெருவில் ஆண்டு முழுக்கப் பூட்டிக்கிடக்கிற வீடுகளும், நோன்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகளும் அந்தப் பத்துக் காசைக் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் அந்த வீட்டுக்காரர்களில் ஒருத்தரும் நூலகத்தில் கால் வைத்ததில்லை. உங்கள் ஊர் லைப்ரரியும் வீட்டு வரியில்தான் ஓடுகிறது, நீங்கள் கொடுக்கிற வாடகைக்குள் அது இருக்கிறது என்று மாப்பிள்ளையே சொன்னார். காசு கட்டிவிட்டு வாசலோடு திரும்புகிறாய் வள்ளி.

கோட்டையூர் ரோஜா முத்தையா இருந்தாரே, போர்டு எழுதுகிற தொழிலில் இருந்தவர், செட்டிநாட்டு வீடுகளில் பழைய பேப்பர்காரனுக்குப் போகவேண்டிய புத்தகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகைவரை விடாமல் சேர்த்தார், ஏறக்குறைய ஒரு லட்சம். அவர் 1992-ல் காலமானபிறகு அதை விலைக்கு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம், உன் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத்தில் இருக்கிற ஊர்! 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கி வைத்துவிட்டார்கள் என்பது நமக்கு அதிர்ஷ்டம். அவ்வளவு பெரிய காரியம் உன்னைச் செய்யச் சொல்லவில்லை. 894.811-க்கு ஒரு பத்துப் புத்தகப் பட்டியல், அவ்வளவுதான் கேட்கிறேன். குழந்தைகளுக்குத் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த படக்கதைகள் இரண்டை அதில் கட்டாயம் சேர்.

இங்கே விடிகாலையில் பனி ஆரம்பித்துவிட்டது, அப்பச்சி குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருகிறார். 'தைப்பனி தரையைத் துளைக்கும்' என்று சொல்கிறவர்கள் உங்கள் ஊர்ப் பனியைப் பார்த்தால் வாயைத் திறக்கமாட்டார்கள். குழந்தைக்குக் காதை மூடிக் கூட்டிக்கொண்டு போ.

கொட்டான் விஷயம். சின்னது, பாசிமணி வைத்தது, உனக்கு. பெரியது அந்தக் கண்ணாடி போட்ட அம்மாளுக்கு, பனையோலை, தண்ணீர் படாமல் வைத்துக்கொள்ளச் சொல். காரை விட்டு இறங்காமல் பெட்டியில் போட்டுவிட்டு வரலாம் என்று நினைக்காதே. அந்தப் பெட்டியின் வாய் எவ்வளவு அகலம் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதற்குள் நுழையாத அளவுக்குத்தான் முடைந்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆத்தா